"அந்தக் கறியை எப்படிச் சமைக்கிறது?"

கேள்வி: மினியாபோலிஸில் இருக்கிறேன். வயது 39, இரண்டு குழந்தைகள். மூன்று வருடமாக மினசோட்டாவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். இதுவரை ஒன்றுதான் கிடைத்தது, கறியை உடன் வந்தவர் வைத்துக்கொண்டார். அடுத்த சீசனில் கிழக்கு மொன்டானாவின் திறந்த புல்வெளிக்குப் போய் ஒரு பெரிய மியூல் டீர் (பெரிய காதுள்ள மான் வகை) அடிக்க ஆசை. அக்டோபர் கடைசியில் சீசன் திறக்கும் வாரம், ஐந்து நாள். ஒரு நண்பரும் வருகிறார். எனக்கு கிரீன் கார்டு, அவருக்கு எச்1பி. செலவு மொத்தம் 3,500 டாலர் வரை ஆகும். 500 கஜம் சுடக்கூடிய ரைஃபிளும் ஸ்கோப்பும் பார்த்து வைத்திருக்கிறேன். லைசென்ஸ், இடம், ரைஃபிள் பற்றி உங்கள் ஆலோசனை வேண்டும். மனைவியிடம் சொன்னபோது, "அந்தக் கறியை எப்படிச் சமைக்கிறது?" என்று கேட்டாள். ஆக, வீட்டில் ஓடாது. கொம்பை மட்டும் கொண்டுவந்துவிட்டு, கறியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் ரைஃபிளும் ஸ்கோப்பும். உங்கள் மனைவி ஒரே ஒரு வரியில் வருகிறார், ஒரு கேள்வியோடு. அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று நான்கு பக்கத்திலும் தேடினேன். இல்லை. "ஆக, வீட்டில் ஓடாது" என்று நீங்களே முடித்துவிட்டீர்கள்.

வேண்டாம் என்று நினைப்பவர், "அதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவராதே" என்பார். எப்படிச் சமைக்கிறது என்று கேட்பவர் சட்டி எடுத்து வைக்கத் தயாராக இருக்கிறார். நீங்கள் ஐந்து நாள் போய்விட்டால் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர். 3,500 டாலர் அவருடைய பணமும்தான். அப்படிப்பட்டவர் கோபப்படாமல் கேட்ட நியாயமான ஒரு கேள்வியை மறுப்பாக எடுத்துக்கொண்டீர்களே, அது உங்களுக்கு வசதியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கறி வீட்டுக்கு வராது என்றால் உங்களுக்கு வேலை பாதி குறைகிறது.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருடா வருடம் வருகிறது. என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு உயிரைக் கொல்கிறவன் வீட்டில் அந்தக் கறி உலையேற வேண்டும். தானம் கொடுப்பது நல்லதுதான், இரண்டாவது மான் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் தன் பிள்ளைகளின் தட்டில் வைக்க மனமில்லாத ஒன்றைக் கொம்புக்காகச் சுடக் கிளம்புவதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் "யாருக்காவது" என்ற ஆள் யார்? ஒரு சனிக்கிழமை இரவு, புல்வெளி நடுவில் ஒரு சின்ன ஊரில், முன்பின் தெரியாதவரிடமிருந்து 70 பவுண்டு கறி வாங்க யாரும் வாசலில் காத்திருப்பதில்லை. அங்குள்ள கறிக்கடைகளிலும் சீசனில் வரிசைதான். சாப்பிடத்தக்க கறியை வீணாக்குவது மொன்டானாவில் குற்றம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

என் முதல் மொன்டானா பயணத்தில் நானும் கொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் நாள். தோலை உரிக்காமல் முழு மானையும் டிரக்கில் போட்டு ஒரு மதியம் முழுக்க ஓட்டினேன். மாலையில் பார்த்தால் பின்தொடை எலும்போரம் நாறிப்போயிருந்தது. அந்தத் தொடையைக் குழியில் போட்டு மூடியதை இன்றுவரை என் மனைவியிடம் முழுதாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து வேட்டையை நான் அடுப்பங்கரையிலிருந்து தொடங்கித்தான் திட்டம் போடுகிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் ஃப்ரீசர். வளர்ந்த ஒரு ஆண் மியூல் டீரில் எலும்பு நீக்கிய கறி ஏறக்குறைய 60 முதல் 80 பவுண்டு வரும். ஃப்ரீசரில் ஒரு கன அடிக்குச் சுமார் 35 பவுண்டு கொள்ளும். ஃப்ரிட்ஜ் மேல்தட்டில் இதற்கு இடம் கிடையாது. ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, ஐந்து கன அடியில் ஒரு பெட்டி ஃப்ரீசர் வாங்குங்கள். அதை எங்கே வைப்பது என்று மனைவியோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து தேதி. அக்டோபர் கடைசியில் கிழக்கு மொன்டானாவின் மைல்ஸ் சிட்டி பக்கம் மதியம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்கள் உண்டு. கறி 40 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சீசன் வழக்கமாகத் தேங்க்ஸ்கிவிங் வார ஞாயிறு வரை ஐந்து வாரம் போகும். நவம்பர் நடுவில் போங்கள். குளிர் கறியைக் காப்பாற்றும். அது இணைசேரும் பருவமும்கூட. மறைவிலேயே இருக்கும் பெரிய கடாக்கள் பெட்டைகளைத் தேடிப் பகலிலும் வெட்டவெளிக்கு வரும். தேங்க்ஸ்கிவிங் வாரத்தை மட்டும் தொடாதீர்கள், அது பிள்ளைகளுடையது.

மான் விழுந்ததும் படம் எடுப்பதைத் தள்ளி வையுங்கள். டேக் வேலையை (எந்த லைசென்ஸில் அடித்தது என்று மானுக்கு அடையாளம் போடுவது) முடித்து, குடலை எடுத்து, தோலை உரித்து, இரண்டு முன்சப்பை, இரண்டு பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி என்று பிரித்துத் துணிப்பைகளில் காற்றாட விடுங்கள். சூடு இறங்கிய பிறகு கூலருக்குள். வீட்டிலேயே தண்ணீர் கேன்களை உறையவைத்து எடுத்துப்போனால் ஐஸ் உருகிக் கறி நனையாது.

இங்கே இன்னொரு விஷயம். மான்களின் மூளையை அழிக்கும் சிடபிள்யூடி என்ற நோய் 2017இல் மொன்டானாவின் காட்டு மான்களிடம் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோய் பரவாமல் தடுக்கத்தான் உங்கள் மினசோட்டா, வெளியிலிருந்து முழு மான் உடலைக் கொண்டுவரவே விடுவதில்லை. தலையும் முதுகெலும்பும் ஒட்டாத தொடை, சப்பை, எலும்பில்லாத கறி வரலாம். கொம்பு வேண்டுமென்றால் மூளைத்திசு சிறிதும் இல்லாமல் சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு வரலாம். பாருங்கள், நீங்கள் கொண்டுவர நினைத்ததற்குத்தான் கெடுபிடி, விட்டுவிட்டு வர நினைத்த கறிக்கு வழி திறந்தே இருக்கிறது. மானின் நிணநீர்க் கணுவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இந்த நோய் மனிதருக்கு வந்ததாக இதுவரை பதிவில்லை, ஆனாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. முடிவு வரும்வரை பொட்டலங்களைத் தனியே குறித்து வையுங்கள். இதைப் பயணத்துக்கு முன்பே மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த 500 கஜம். வேண்டாம். புல்வெளியில் காற்று ஓயாது. நீங்கள் நிற்கும் மேட்டில் ஒரு காற்று, நடுவில் பள்ளத்தில் வேறொரு காற்று. குறி ஒரு சாண் பின்னே போனால் குண்டு குடலில் பாயும், மான் இரண்டு மைல் ஓடிச் சாகும், கிடைக்கிற கறியும் கெட்டிருக்கும். வெட்டவெளியில் நீங்கள் பழகிப் பார்த்த தூரம்தான் உங்கள் தூரம். 250 கஜத்துக்குள் வையுங்கள். மினசோட்டாவில் மானுக்கு வைத்திருக்கும் ரைஃபிளே இதற்குப் போதும். நல்ல பைனாகுலர்தான் இங்கே முக்கியம்.

மரமே இல்லாத இடத்தில் எப்படி நெருங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். விடியுமுன் ஒரு மேட்டில் ஏறி, வானம் பின்னணியாகாமல் சரிவில் உட்காருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மணிக்கணக்காகப் பாருங்கள். மியூல் டீருக்குக் கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல் பெரிய காதுகள், புல்லுக்கு மேலே முதலில் அவைதான் தெரியும். காலை ஒன்பது பத்து மணிக்கு மான்கள் ஓடைப்பள்ளங்களின் தலைப்பில், காற்று படாத சரிவில் படுத்துவிடும். படுத்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி சுற்றிப்போய், பள்ளத்துக்குள்ளேயே நடந்து நெருங்குங்கள். கலைந்துவிட்டால் நாலு காலும் ஒன்றாகத் தரையில் படும்படி துள்ளித் துள்ளிப் போகும். பதறிச் சுடாதீர்கள். வெள்ளைவால் போல ஒரேயடியாக மறைந்துவிடாமல், மேடேறி நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது இதன் பழக்கம். சுடுவதற்கு முன் உங்கள் டிரக் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அந்தக் கறி முழுவதும் உங்கள் இருவர் முதுகில்தான் வரப்போகிறது.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. மொன்டானாவில் வெளிமாநிலத்தவர் மான் லைசென்ஸுக்கு ஏப்ரல் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும், பிறகு குலுக்கல். 1985 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். கிழக்கில் மியூல் டீர் எண்ணிக்கை ஏறி இறங்குவதால் விதிகள் மாறும், அந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதி பக்கத்தில்தான், ஆனால் வெளிமாநிலத்தவருக்கு 8 சதவீதம் மட்டுமே ஒதுக்கீடு. உங்கள் நண்பர் விஷயத்தில் கவனம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். "கொஞ்சம் பிடி" என்றுகூட அவரிடம் கொடுக்காதீர்கள். இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குல ஆரஞ்சு நிறம் இருவருக்கும் கட்டாயம்.

நிலம். அங்கே பலகை இல்லாவிட்டாலும் தனியார் நிலத்தில் வேட்டையாட உரிமையாளரின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் பிஎல்எம் (நில நிர்வாகத் துறை) நிலம் நிறைய இருக்கிறது. 1985 முதல் நடந்துவரும் பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தில் பண்ணைக்காரர்கள் ஏறக்குறைய 70 லட்சம் ஏக்கர் நிலத்தை வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பொது நிலங்கள் தனியார் நிலங்களுக்கு இடையே சதுரங்கக் கட்டம்போல மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் ஒரு மூலையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அப்படித் தாண்டியதைப் பற்றிப் பக்கத்து மாநிலமான வயோமிங்கில் எழுந்த வழக்கில் 2025இல் வேட்டைக்காரர்கள் பக்கம் வந்த தீர்ப்பு மொன்டானாவைக் கட்டுப்படுத்தாது.

மழை பெய்தால் அந்த மண்ணைக் கம்போ என்பார்கள். சக்கரத்தில் பசைபோல ஏறி வண்டியை அப்படியே நிறுத்திவிடும். இரவு உறைபனி பிடித்து, விடியற்காலை தரை இறுகிய பிறகுதான் நகர முடியும். ஃபோன் சிக்னலும் பல இடங்களில் கிடையாது. வீட்டிலிருந்து சுமார் 700 மைல். ஆகவே எந்தெந்த நாள் எந்த இடம் என்று ஒரு தாளில் வரைபடத்தோடு எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வரி அனுப்புங்கள். அது உங்கள் கடமை, அவர் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

இனி, உங்கள் மனைவி கேட்ட கேள்வி. இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பு மெழுகுபோல நாக்கில் படியும், வாடையும் அதில்தான். அதையும் மேலே மூடியிருக்கும் வெள்ளை ஜவ்வையும் முழுக்க எடுத்துவிடுங்கள். ஜவ்வு எடுப்பது அவர் வேலை, உங்களுடையது இல்லை. முதுகுக்கறியைச் சின்னத் துண்டுகளாக்கி, நல்லெண்ணெயில் மிளகு, சோம்பு, கறிவேப்பிலையோடு பெரிய தீயில் சில நிமிடம் புரட்டினால் போதும், அதிகம் வெந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். முன்சப்பையும் கழுத்தும் ஆட்டுக்கறிக் குழம்புபோலத்தான், ஆனால் குக்கரில் ஆட்டுக்கறியைவிட ஒன்றரை மடங்கு நேரம் வையுங்கள், எண்ணெயும் சின்ன வெங்காயமும் கொஞ்சம் கூட. கால் எலும்பைச் சுத்தம் செய்து கொடுக்கச் சொல்லுங்கள், ஆட்டுக்கால் பாயா வைப்பதுபோல இரவு முழுக்கச் சிறு தீயில் வையுங்கள். பின்தொடையைக் கொத்தி, பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் சேர்த்துக் கோலா உருண்டை போடலாம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதலில் தொட்டது அதைத்தான்.