கேளுங்க அண்ணாச்சி: கம்ப்யூட்டருக்குள்ள ஒரு முருகன்குறிச்சி

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டை சமாதானபுரத்துல இருந்து எழுதுதேன், பி.இ. கடைசி வருஷம். நாங்க நாலு பேரு சேர்ந்து, வண்டி எத்தன நிக்குன்னு பாத்து தானா பச்சைய நீட்டுத சிக்னல் கண்ட்ரோலர் ஒண்ணு பைத்தான்ல எழுதிருக்கோம், ராஸ்பெரி பைங்கற கையளவு கம்ப்யூட்டர்ல ஓடுது. ரோட்டுல வச்சு பாக்க யாரு விடுவா? ரோட்டுப் போக்குவரத்த கம்ப்யூட்டருக்குள்ள ஓட்டிக் காட்டுத சுமோ சாஃப்ட்வேர்ல முருகன்குறிச்சி ஜங்ஷன மேப்ல இருந்து எடுத்து போட்டாச்சு, ஆனா அதுல இருக்க சிக்னல் அதோட சொந்த டைமிங்லதான் ஓடுது. எங்க புரோகிராம உள்ள எப்படி கொண்டு போறது?

பதில்: உள்ள கொண்டு போவாதீங்க தம்பி, வெளியவே கெடக்கட்டும். சுமோ 2001ல இருந்து ஓப்பன் சோர்ஸா கெடைக்கு, ஜெர்மனி விண்வெளி ஆய்வு மையத்துக்காரங்க செஞ்சது, அதோடவே டிராசின்னு ஒண்ணு வருதுல்லா, அது நெட்வொர்க் சாக்கெட் வழியா வெளிய இருக்க புரோகிராமோட பேசும். சுமோவ ஒரு ஸ்டெப் தள்ளுங்க, சுமோ ரோட்டுல வண்டிய எண்ண வச்சிருக்க டிடெக்டர்ல என்ன பதிஞ்சுதுன்னு கேளுங்க, அத ராஸ்பெரி பைக்கு அனுப்புங்க, அது சொல்லுத கலர சிக்னல்ல எழுதுங்க, திரும்ப ஒரு ஸ்டெப். கலருங்கறதும் அதுல வெறும் எழுத்து வரிசைதான், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு எழுத்து, பச்சைக்கு ஜி, மஞ்சளுக்கு ஒய், செவப்புக்கு ஆர். குறுக்க வர்ற ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஜி போட்டு அனுப்புனாலும் ஏன்னு கேக்காது, அந்த செக்க நீங்கதான் எழுதணும்.

இதுல பசங்க வழுக்கி விழுத எடம் ஒண்ணு இருக்கு. சுமோவுக்கு எல்லாம் தெரியும், எந்த வண்டி எத்தன செகண்டா நிக்குன்னு கேட்டா டக்குனு சொல்லிரும். அந்த நம்பர கண்ட்ரோலருக்கு குடுத்தீங்கன்னா ரிசல்ட் பிரமாதமா வரும், ஆனா நெசத்துல கம்பத்து மேல இருக்க கேமராவுக்கு பஸ்சுக்கு பின்னால மறைஞ்சு நிக்க டிவிஎஸ் எக்ஸெல் தெரியுமா? டிடெக்டர் சொல்லுதத மட்டும் குடுங்க, நடுவுல வேணும்னே நாலு கணக்க முழுங்கி விடுங்க, ஒரு டிடெக்டர் மொத்தமா செத்துப் போச்சுன்னும் வச்சு ஓட்டுங்க, அப்பயும் அந்தப் பக்கத்த மறக்காம பச்சை வருதான்னு பாக்கதுதான் டெஸ்டு, மத்ததெல்லாம் சாருக்கு கிராஃப் காட்டுத வேல.

செட்டிங்க்ஸும் பாத்துக்கிடுங்க. மேப்ப மாத்தும்போது இடது பக்கம் ஓட்டுத நாடுன்னு சொல்லியாச்சான்னு பாருங்க. சும்மா விட்டா பைக்கெல்லாம் காருக்கு பின்னால வரிசையா நிக்கும், நம்ம ஊர்ல என்னைக்கு அப்படி நின்னுருக்கு, ஒரே லேன்ல பக்கத்து பக்கத்துல போக விடுத சப்லேன் மாடல போட்டாத்தான் சந்துல நுழையும். இன்னொண்ணு, 300 செகண்ட் அசையாம நின்ன வண்டிய சுமோ தானா தூக்கி முன்னால எங்கயாவது போட்ரும், உங்க சிக்னல் சொதப்புனதே வெளிய தெரியாது. செட்டிங்ல அந்த 300 இருக்க எடத்துல மைனஸ் 1னு போட்டு நிறுத்திருங்க. (அந்த வசதி நெசத்துல இருந்தா நான் தெனமும் ஆபீசுக்கு நேரத்துக்கு போயிருப்பேன்.)

கடைசியா கடிகாரம். ராஸ்பெரி பை நம்ம நேரத்துல ஓடும், சுமோ அது பாட்டுக்கு முந்திட்டு ஓடிரும். ஒவ்வொரு ஸ்டெப்பையும் நெச செகண்டுக்கு காக்க வச்சு ஓட்டுங்க, இல்லன்னா பை மஞ்சள முடிக்கதுக்குள்ள சுமோவுல நேரம் ஓடிப் போயி, 10 செகண்ட் மஞ்சள்லாம் பாப்பீங்க.

கேள்வி: பச்சை எத்தன செகண்டுன்னு எத வச்சு முடிவு பண்ணுதாங்க? – மேலப்பாளையம் வாசகர்

பதில்: 1958ல வெப்ஸ்டர்ங்கற போக்குவரத்து ஆராய்ச்சியாளரு ஒரு சூத்திரம் குடுத்தாரு, இன்னைக்கும் பாடத்துல அதுதான். எல்லாப் பக்கமும் ஒரு தடவ பச்சை வாங்குத ஒரு சுத்துல, கலர் மாறுதப்போ வீணாப் போற நேரம் 12 செகண்டுன்னு வைங்க, ஒன்றரையால பெருக்கி 5 கூட்டுனா 23. ரோடு தாங்குத அளவுல 0.7 பங்கு வண்டி வருதுன்னா, மிச்சம் இருக்க 0.3ஆல வகுத்தா சுமார் 77 செகண்ட், அதான் மொத்த சுத்து. வீணாப் போற 12 போக மிச்சத்த வரத்துக்கு தக்கன பங்கு போட்டுக்கிட வேண்டியதுதான். மேல கேட்ட தம்பியும் தன் கண்ட்ரோலர இந்தக் கணக்குல போட்ட டைமிங்கோட மோத விட்டு பாக்கட்டும், ஏதோ கைக்கு வந்த டைமிங்கோட இல்ல.