தாளும் தகரமும்: பழைய பைக், கார் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 விலைக்கு வந்திருக்கிறது. கேரளப் பதிவு. "நல்லா ஓடுற வண்டி, பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்கிறார் விற்பவர். முன்பணம் கொடுக்கலாமா?
— மார்த்தாண்டம் வாசகர்

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். முதலில் தாளைப் பாருங்கள், அடுத்து தகரத்தை, இன்ஜினைக் கடைசியாகப் பார்த்தால் போதும். இன்ஜினைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) செத்த வண்டியை எந்த மெக்கானிக்காலும் உயிர்ப்பிக்க முடியாது.

இந்தியாவில் ஆர்எக்ஸ் 100 தயாரானது 1985 முதல் 1996 வரை. ஆகவே எந்த வண்டியானாலும் முதல் 15 வருடப் பதிவு எப்போதோ முடிந்திருக்கும். அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வந்திருக்க வேண்டும். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு எந்தத் தேதிவரை செல்லும், கடன் பாக்கி, இ-சலான் (போக்குவரத்து அபராதம்) ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு முடிந்திருந்தால் விற்பவரே புதுப்பித்துத் தரட்டும். மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தபடி, 20 வயது தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணமே ரூ.2,000. தாமதக் கட்டணம் இருந்தால் அது தனி.

அடுத்து, வண்டி பதிவான கேரள ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று (படிவம் 28) வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 வேண்டும். புது எண்ணுக்குப் படிவம் 27. உங்கள் பக்கத்துக்கு டிஎன் 75 எண் கிடைக்கும், வண்டியின் வயதுக்கேற்ப இங்கே வரியும் கட்ட வேண்டியிருக்கும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் சட்டப்படி மறுபதிவு கட்டாயம். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள். பெரிய தொகையை என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். ஹேண்டில் கழுத்துக் குழாயில் உள்ள சேசிஸ் எண்மேல் தாளை வைத்துத் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ கிரைண்டர் கோடுகளோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்எக்ஸ் 135 இன்ஜினை மாட்டி ஆர்எக்ஸ் 100 என்று விற்பதும் நடக்கிறது.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் புகை வருவது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் இயல்பு. பத்து நிமிடம் ஓடியும் வெண்புகை அடர்த்தியாக வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிய ரப்பர் அடைப்பு) போயிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டபிறகும் வேகம் இறங்காமல் இரைந்தால் மேக்னெட் பக்கத்து சீல் காற்று இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) எத்தனை முறை செய்தது என்றும் கேளுங்கள். 50 மி.மீ. போரில் (சிலிண்டர் உள்விட்டம்) 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று பிஸ்டன் அளவு ஏறும். 1.00 ஏற்கெனவே போட்டிருந்தால் அடுத்தமுறை ஸ்லீவ் (உள்ளே இறக்கும் புது உறை) அல்லது வேறு சிலிண்டர் பிளாக்தான்.

கேள்வி: பழைய ஸ்பிளெண்டர் வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை. கார்புரேட்டர் கிளீன் செய்து ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. புது கார்புரேட்டர் போடச் சொல்கிறார்கள்.
— குளச்சல் வாசகர்

பதில்: கார்புரேட்டர் மேல் பழியைப் போடும் முன் டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பாகத் தெரிந்தால் நோய் அங்கேதான். கடற்காற்று, ஆனி-ஆடிச் சாரல், ஐப்பசி-கார்த்திகை மழை என்று நம் குமரி மாவட்டத்தில் காற்றில் ஈரம் குறையும் மாதங்கள் கொஞ்சம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பர் குழாயையும் ஓ-ரிங்கையும் கெடுக்கும். அரை டேங்கோடு நிற்கும் வண்டியில் மேல்பாதித் தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. அந்தத் துருத்தூள் கார்புரேட்டரின் பைலட் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளை) அடைக்கிறது. கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் மேலிருந்து மறுபடி இறங்கும்.

டேங்கை வீட்டிலேயே கழுவலாம். வெட்டவெளியில், நெருப்போ பீடியோ பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். டேங்கைக் கழற்றிப் பெட்ரோலை முழுதும் வடித்து, பெட்ரோல் டேப்பையும் எடுத்துவிட்டு ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 80 முதல் 100 கிராம் வரை கரைத்து டேங்கின் வாய்வரை ஊற்றுங்கள். 12 மணி நேரத்தில் ஒருமுறை பாருங்கள், 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வெளியே சிந்தினால் பெயின்ட் கெடும், வாயைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கொட்டியவுடனே ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலசுவது முக்கியம். இதை விட்டால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு படரும். நல்ல தண்ணீரில் கழுவி, உச்சி வெயிலில் முழுக்கக் காயவைத்து, 100 மி.லி. இன்ஜின் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டி வடித்துவிடுங்கள். துரு போனபின் ஊசித்துளை தெரிந்தால் நீங்களே பற்றவைக்க முயலாதீர்கள். பெட்ரோல் ஆவி மிச்சமிருக்கும் டேங்க் வெடிக்கும். அது பழகிய கைக்குரிய வேலை.

இப்போது கார்புரேட்டருக்கு வாருங்கள். ஏர் ஸ்க்ரூவை (காற்றின் அளவை வைக்கும் திருகு) கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று போகிறது என்று எழுதிவையுங்கள். மாட்டும்போது அதே அளவுக்கு வைத்தால் ட்யூனிங் குலையாது. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிப் பெட்ரோல் குடிக்கும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும். ஃப்ளோட் நீடிலின் (கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) முனையில் வளையம்போல் தேய்மானக் கோடு விழுந்திருந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் குழாய், ஃபில்டர், ஓ-ரிங் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகையில் புதிதாகப் போடுங்கள். பழைய உடம்பே போதும், புது கார்புரேட்டர் தேவையில்லை. இனி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் டேங்கை நிரப்பி, டேப்பை அடைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஓட்ட ஒரு பழைய கார் வேண்டும். பத்மினியா, அம்பாசிடரா? 'வின்டேஜ்' நம்பர் வாங்கிவிட்டால் தொந்தரவில்லை என்கிறார்களே?
— தக்கலை வாசகர்

பதில்: பத்மினியின் ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் தண்டை இழுத்துப் போட்டு, முன் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிக் காற்று வாங்கி ஓட்டும் சுகம் புதுக் காரில் கிடையாது. பானெட்டைத் திறந்தால் எல்லாப் பாகமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். இந்த ஆசை நியாயமானதே.

ஆனால் பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பே எலும்புக்கூடு. தரையும் கதவுக்கு அடியில் நீளும் தகரப் பட்டையும் துருப்பிடித்தால் காரின் பலமே போய்விடும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, ஸ்டெப்னி வைக்கும் குழி என்று நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி (நிரப்புப் பசை) போட்டு மூடியிருக்கிறார்கள். தரைவிரிப்பைத் தூக்கித் தரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கடற்கரை ஊரில் நின்ற காரைவிட உள்நாட்டில் கொட்டகையில் நின்ற கார், இன்ஜின் இறுகிப்போய் ஓடாமல் இருந்தாலும், எனக்கு மேலானது.

அம்பாசிடர் 2014 வரை வந்ததால் பாகங்கள் எளிதில் கிடைக்கும். குடும்பத்தோடு போக அதையே வாங்குங்கள். டாக்சியாக ஓடியதா என்று ஆர்.சி.யில் பாருங்கள். பத்மினியில் இன்ஜின் பாகங்களைக் கோயம்புத்தூர், சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்கலாம். பின்விளக்குக் கண்ணாடி, குரோம் பட்டைகள் போன்றவை அரிது, ஆகவே இவை முழுமையாக இருக்கும் காருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

வின்டேஜ் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே 'விஏ' எண். கட்டணம் ரூ.20,000. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், ஞாயிறு உலாவுக்கு ஆகாது. சாதாரணப் புதுப்பிப்பே சரி. 20 வயது தாண்டிய காருக்கு ரூ.10,000, ஐந்து வருடத்துக்கு.

கேள்வி: வீட்டில் வேலை பார்க்க என்ன டூல்ஸ் வாங்கலாம்?
— குலசேகரம் வாசகர்

பதில்: பெரிய பெட்டி வேண்டாம். 8, 10, 12, 14, 17 ரிங் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர் (ஸ்பிளெண்டருக்கு 16 மி.மீ., ஆர்எக்ஸுக்கு 21), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), இம்பாக்ட் டிரைவர் (சுத்தியலால் தட்டி இறுகிய ஸ்க்ரூவைக் கழற்றுவது). ஜப்பானிய வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை வாங்குங்கள். சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக உட்காராமல் தலையை மழித்துவிடும். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் என்றால் சில நட்டுகளுக்கு விட்வொர்த் (பழைய ஆங்கிலேய அங்குல முறை) அளவு வேண்டும், மில்லிமீட்டர் ஸ்பேனரால் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: ஒரிஜினல் பிஸ்டன் என்று பணம் வாங்கிய ஒர்க்‌ஷாப் டூப்ளிகேட் போட்டிருக்கிறது. பில் இல்லை.
— நாகர்கோவில் வாசகர்

பதில்: பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்த ரசீது, வாட்ஸ்அப்பில் பேசியது, கழற்றிய பிஸ்டனின் படம் எல்லாம் சான்றே. முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தனிநபரிடம் வாங்கிய பழைய வண்டிக்குப் பொதுவாக இந்த வழி திறக்காது, வியாபாரியிடம் வாங்கியதற்குத் திறக்கும். அடுத்தமுறை வேலைக்கு விடும்போதே, கழற்றும் பழைய பாகங்களையும் புதுப் பாகத்தின் அட்டைப்பெட்டியையும் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி, வேலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.