டியூக்கை விட்டுப் போகும் பையனைப் பற்றி, கேரிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வட கரோலினாவுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே இந்த ஊரின் பெரிய சண்டையில் மாட்டிக்கொண்டீர்கள். அலுவலகத்து மதிய உணவு மேசையில், டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பையன் முதலாண்டோடு படிப்பை விட்டுவிட்டு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போகலாமா கூடாதா என்று வாக்குவாதம். “டியூக்கில் இடம் கிடைத்தவன் அதை ஏன் விடுகிறான், பெற்றவர்கள் எப்படிச் சம்மதிக்கிறார்கள்?” என்று நீங்கள் கேட்க, மேசையே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் ஒன்பதாம் வகுப்பு மகன், “அப்பா, எனக்கும் பட்டம் தேவைப்படாது” என்கிறான். அவர்கள் ஏன் சிரித்தார்கள், பையனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதானே கேள்வி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் எடுக்கப்படுவது உறுதி என்றால் அந்தப் பையன் தாராளமாகப் போகலாம். உறுதி இல்லையென்றால் பேசாமல் இருந்து ஆடட்டும். படிப்பின் அருமை பெருமைக்கும் இந்த முடிவுக்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு இல்லை.

கணக்கு இப்படி. ஆண்டுதோறும் ஜூன் மாதம் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களை எடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். இரண்டு சுற்று, சுற்றுக்கு முப்பது இடம். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. ஆடினாலும் உண்டு, முழங்கால் போய் உட்கார்ந்தாலும் உண்டு. முதல் இடத்தில் எடுக்கப்படுபவனுக்கு இப்போதெல்லாம் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. எடுக்கப்படாதவன் ஜி லீக் என்ற இரண்டாம் தட்டிலோ, துருக்கியிலோ தைவானிலோ ஆட இடம் தேட வேண்டும். கல்லூரிகளின் முதல் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. அறுபது இடத்துக்கு எத்தனை ஆயிரம் பையன்கள் கனவு காண்கிறார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த அறுபதிலும் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பங்கு போய்விடும்.

உங்கள் மேசையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இன்னொன்றும் உண்டு. புதிதாக வருகிறவனின் சம்பளம் அவன் எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்பதைப் பொறுத்து ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது. பேரம் பேச அதிக இடமில்லை. உண்மையான பணம் இரண்டாவது, மூன்றாவது ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. உடம்பு முப்பத்தைந்துக்குள் ஓய்ந்துவிடும். ஆகவே கல்லூரியில் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கச் சம்பளத்திலிருந்து கழிவதில்லை, உச்சத்தில் வாங்க வேண்டிய சம்பளத்திலிருந்து கழிகிறது. அதோடு அணிகள் வயது பார்க்கும். பத்தொன்பது வயதுக்காரனின் குறையை “வளரும் பிள்ளை” என்பார்கள். அதே குறை இருபத்திரண்டு வயதுக்காரனிடம் இருந்தால் “இவ்வளவுதான் இவன்” என்று எழுதிவிடுவார்கள். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலமே தேவலை.

பள்ளி முடித்து ஓராண்டு ஆகாமல் என்.பி.ஏ.வுக்குப் போக முடியாது என்று ஒரு விதி உண்டு. அது கல்லூரிகள் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போட்டது என்.பி.ஏ.வும் ஆட்டக்காரர் சங்கமும். அதற்குப் பழைய கதை உண்டு. பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாதவனை எடுப்பதில்லை என்றுதான் என்.பி.ஏ. முன்பு வைத்திருந்தது. மிசிசிப்பியில் பருத்தி எடுத்த குடும்பத்திலிருந்து வந்த ஸ்பென்சர் ஹேவுட், அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1971இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிறகு கதவு திறந்தது. கெவின் கார்னெட் 1995இல், கோபி பிரையன்ட் 1996இல், லெப்ரான் ஜேம்ஸ் 2003இல் பள்ளியிலிருந்தே நேராகப் போனார்கள். பள்ளிப் பையனை நம்பிப் பெருந்தொகை போட அணி முதலாளிகளுக்குப் பயம் வந்துவிட்டது. 2005 ஒப்பந்தத்தில் பத்தொன்பது வயதும், பள்ளி முடித்து ஓராண்டும் ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்துதான் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இந்த ஓராண்டு விருந்தாளிகள். கிரெக் ஓடன், கெவின் டுரான்ட் முதல் 2025இல் டியூக்கிலிருந்து முதல் ஆளாக டாலஸ் அணிக்குப் போன கூப்பர் ஃபிளாக் வரை, இது முதலாளிகளின் பயத்தில் பிறந்த ஏற்பாடு. பிள்ளைகளின் கல்வி மேல் அக்கறை கொண்டு யாரும் இதைச் செய்யவில்லை.

அந்த ஓராண்டில் என்ன ஆகலாம் என்பதற்கு இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் உதாரணம் சயோன் வில்லியம்சன். 2019 பிப்ரவரி 20, டியூக்குக்கும் அதன் பரம எதிரியான சாப்பல் ஹில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். மாணவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் அடித்துக் குளிரில் காத்துக் கிடந்து இடம் பிடிக்கும் ஆட்டம் அது. ஒபாமாவே வந்து உட்கார்ந்திருந்தார். முதல் நிமிடம் முடிவதற்குள் சயோன் திரும்பக் கால் ஊன்றினான். காலணி பக்கவாட்டில் கிழிந்து பாதம் வெளியே வந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன் அன்று திரும்ப ஆடவில்லை. நல்ல காலம், சுளுக்கோடு போயிற்று. ஜூன் மாதம் முதல் ஆளாக எடுக்கப்பட்டான். அன்று முழங்கால் அறுந்திருந்தால், அவனுக்குச் சம்பளம் தராத ஒரு ஆட்டத்துக்காக எல்லாம் போயிருக்கும். அந்த ஆண்டு அவனுக்கு விளம்பரத்தில் நடித்துக்கூடச் சம்பாதிக்க அனுமதி இல்லை. கல்லூரி அணிகள் மோதும் மார்ச் மாதப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டித்த எட்டு ஆண்டு ஒப்பந்தம் மட்டும் 880 கோடி டாலர். பயிற்சியாளருக்குக் கோடிகள், ஆடுகிறவனுக்கு விடுதிச் சாப்பாடும் பாடப்புத்தகமும். இதைப் பார்த்த பிறகும் “படிப்பை விடாதே தம்பி” என்று அவனுக்கு உபதேசம் செய்ய எனக்கு நாக்கு எழவில்லை.

“ஆனாலும் பட்டம் பட்டம்தானே அக்கா” என்பீர்கள். எங்கே போய்விடும்? நம் ஊரில் பாதியில் விட்டவன் திரும்ப வந்து பட்டம் வாங்குவது அபூர்வம். இங்கே நாற்பது வயதில் வந்து உட்கார்ந்தாலும் யாரும் வியக்க மாட்டார்கள். மைக்கேல் ஜோர்டன் மூன்றாம் ஆண்டோடு 1984இல் சாப்பல் ஹில்லை விட்டுப் போனவர்தான். பிறகு வந்து புவியியலில் பட்டத்தை முடித்தார். நம் மாநிலத்தின் டேவிட்சன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டோடு விட்ட ஸ்டெஃப் கரி, 2022இல் முடித்தார். ஷக்கீல் ஓ’நீல் 2000இல் பட்டம் வாங்கியதோடு நிற்காமல் 2012இல் முனைவரும் ஆகிவிட்டார்.

வின்ஸ் கார்ட்டர் கதையைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். 1998இல் சாப்பல் ஹில்லை மூன்றாம் ஆண்டோடு விட்டுப் போனவர். அம்மா பள்ளி ஆசிரியை. ஆடிக்கொண்டே மீதிப் பாடங்களை முடித்தார். பட்டமளிப்பு நாள் 2001 மே 20 என்று வந்தது. அதே நாள் மாலை பிலடெல்ஃபியாவில் அவருடைய டொரான்டோ அணிக்கு ஏழாவது ஆட்டம், வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. காலையில் சாப்பல் ஹில்லில் அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், விமானம் ஏறினார், மாலையில் ஆடினார். கடைசி இரண்டு வினாடி, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது, பந்து அவர் கையில். எறிந்தார், வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. 88-87. பட்டம் வாங்கப் போனதால்தான் தோற்றோம் என்று டொரான்டோவில் அவரைக் கரித்துக் கொட்டியவர்கள் ஏராளம். படிப்பை விட்டால் பொறுப்பற்றவன், வாங்கப் போனால் அதுவும் குற்றம்!

மறுபக்கமும் உண்டு. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் டிம் டங்கன் நான்கு ஆண்டும் இருந்து உளவியல் பட்டத்தோடு 1997இல் முதல் ஆளாகப் போனார், ஐந்து கோப்பை வாங்கினார். இருந்ததால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எல்லாரும் டங்கன் இல்லை என்பதுதான் சிக்கல். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஜேலன் பிரன்சன் மூன்றே ஆண்டில் பட்டத்தை முடித்துக் கையோடு கிளம்பினார். எனக்குப் பிடித்த வழி அது.

பல்கலைக்கழகத்தில் இருந்தாலே படிக்கிறார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் தரும் பாடங்கள் சாப்பல் ஹில்லில் 1993 முதல் 2011 வரை நடந்தன என்று 2014இல் விசாரணை அறிக்கை வந்தது. 3,100 மாணவர்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். பட்டத்துக்காக இருக்கச் சொல்கிறவர்கள் அந்தப் பட்டத்தில் என்ன இருந்தது என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, உங்கள் மேசையில் சத்தம் கூடியதற்கும் அதுவே காரணம். 2021 ஜூலையிலிருந்து மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டுக்கு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். இரண்டாம் சுற்றில் இழுபறியாக நிற்கும் பையனுக்குக் கல்லூரியிலேயே அதைவிட நல்ல பணம் கிடைக்கும்போது அவன் ஏன் போகிறான்? 2021 டிராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர். 2025இல் 106 பேர்தான். பல பத்தாண்டுப் பிரசங்கத்தால் நடக்காதது காசோலையால் நடந்தது. பெயர் கொடுத்துப் பார்த்துவிட்டு, அணிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டு, கெடுவுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கல்லூரிக்கே வரவும் வழி இருக்கிறது. போகலாமா என்று குழம்புகிறவன் முதலில் அதைச் செய்ய வேண்டும்.

நம் ஆட்கள் யாராவது உண்டா என்று மகன் கேட்பான். சிம் புல்லர் என்று கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பையன், ஏழரை அடிக்குச் சற்றுக் குறைவு. நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோடு 2014இல் கிளம்பினார். யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தட்டில் ஆடி, 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ அணிக்காக மூன்று ஆட்டம். இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஆள் அவர். அப்புறம் தைவான். பஞ்சாப் கிராமத்திலிருந்து வந்த சத்னாம் சிங் கல்லூரிக்கே போகாமல் அதே 2015இல் 52ஆவதாக எடுக்கப்பட்டார். ஒரு என்.பி.ஏ. ஆட்டமும் ஆடாமல், பின்னால் மல்யுத்த நிகழ்ச்சிகளுக்குப் போனார். மகனிடம் லெப்ரானைச் சொல்லும்போது இவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் சின்ன மகள் பந்தை எடுத்தால் கணக்கே வேறு. பெண்கள் லீக்கில் கல்லூரியை முடிக்கும் வயது வரை காத்திருக்க வேண்டும். 2024இல் நாடே கொண்டாடிய கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் எஞ்சினியர் அதைவிட அதிகம் வாங்குவார்.

நமக்கு ஏன் இது உறைப்பதில்லை என்றால், நாம் பார்த்து வளர்ந்த கூடைப்பந்து வேறு. சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அதன்பின் ஐ.ஓ.பி.யிலோ ஐ.சி.எஃபிலோ தெற்கு ரயில்வேயிலோ வேலை. பந்து வேலைக்குப் படிக்கட்டு. இங்கே பந்தே வேலை, அதுவும் சராசரியாக நான்கைந்து ஆண்டில் முடிந்துவிடும் வேலை.

இனி உங்கள் வீட்டு விஷயம். மகனுக்கு இருப்பது எச்-4, அதாவது வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்கான விசா. அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. இருபத்தொன்று ஆனதும் அது தீர்ந்து மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அதிலும் கட்டுப்பாடு உண்டு. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கர் சிபுவே மாணவர் விசாவில் இருந்ததால், அமெரிக்காவுக்குள் சம்பாதிக்க முடியாமல், 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார். நாளைக்கு யாராவது காலணிக் கடைக்காரர் மகனை ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு ஐந்நூறு டாலர் நீட்டினால், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். மற்ற பிள்ளைகள் வாங்குகிறார்களே என்பான். அவர்கள் இங்கே பிறந்தவர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுங்கள்.

பட்டம் தேவைப்படாது என்கிறவனுக்கு, கல்லூரி அணியில் ஆடவே, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு படிப்புக் கணக்கு கேட்கும் என்பது தெரியுமா? பள்ளியில் பதினாறு அடிப்படைப் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 சராசரி. ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று ஆண்டு. பதினாறில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது. எல்லாப் பாடமும் கணக்கில் வராது. பள்ளி ஆலோசகரிடம் எவை வரும் என்ற பட்டியல் இருக்கும். மகனையும் கூட்டிக்கொண்டு போய் அதை அவனையே கேட்டு வாங்க வையுங்கள்.