ஆமைப் பெட்டியில் என்ன மண், எப்போது மாற்றுவது?

அன்புள்ள அக்கா,

மகளின் பிடிவாதத்தால் போன கோடையில் ஒரு ரஷ்ய ஆமை வாங்கினோம். ஓடு எட்டு சென்டிமீட்டர் இருக்கும். நான்கடிக்கு இரண்டடி மரப்பெட்டி, வெயில் விளக்கு, யுவிபி என்ற புறஊதாக் கதிர் விளக்கு எல்லாம் வைத்து ஹாலில்தான் வளர்க்கிறோம். கடையில் கொடுத்த ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால்) பெல்லட்டை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பியிருக்கிறேன். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து பூஞ்சை பிடிப்பதால் ஞாயிறுதோறும் மொத்தத்தையும் கொட்டி, பெட்டியைக் கழுவி, புதிதாகப் போடுகிறேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அது சரியாகச் சாப்பிடுவதில்லை, மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஒருவர் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) என்கிறார், ஒருவர் மணல் என்கிறார், இன்னொருவர் மணலே ஆகாது என்கிறார். எதைப் போடுவது? எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது?

செ., மிசிசாகா, கனடா

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பெல்லட்டை எடுத்துவிடுங்கள், இந்த வாரமே. அது முயல் தீனி. நனைந்தால் ஊதும், ஊதினால் பூஞ்சை வரும், ஆமை அதைத் தின்னவும் பார்க்கும், புரதம் அதிகமுள்ள அந்தத் தீனி இந்த ஆமைக்கு வேண்டாதது. எல்லாவற்றையும்விட, அதில் குழி தோண்ட முடியாது. உங்கள் ஆமை மூலையைப் பிறாண்டுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ரஷ்ய ஆமை என்று கடையில் விற்பது மத்திய ஆசியாவின் ஆமை. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துப் புல்வெளியும் பாலையும் கலந்த நிலங்களில் வாழ்வது. அங்கே கோடையில் கொளுத்தும், குளிரில் உறையும், அதனால் அது வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளையில்தான் கழிக்கிறது, வசந்த காலத்தில் சில மாதம் வெளியே வந்து மேய்வதோடு சரி. மேலே காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும் வளைக்குள் ஈரம் இருக்கும். இந்த ஆமைக்கு மண் என்பது காலுக்குக் கீழே விரிக்கும் விரிப்பு இல்லை, அது உள்ளே போய் வாழும் இடம். எதைப் போடுவது, எவ்வளவு போடுவது, எப்போது மாற்றுவது எல்லாவற்றையும் அதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இது எதையும் தாங்கும் ஆமை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். 1968 செப்டம்பரில் சோவியத் யூனியன் ஸோண்ட் 5 விண்கலத்தில் ஏற்றி நிலவைச் சுற்றி அனுப்பியது இந்த இனத்து ஆமைகளைத்தான், அவை உயிரோடு திரும்பின, உடல் எடையில் ஏறக்குறைய பத்து சதவீதத்தை இழந்து. ஆனால் தாங்குவது வேறு, நன்றாக இருப்பது வேறு. பெல்லட்டிலும் செய்தித்தாளிலும் இது வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதை வைத்து நாம் சரியாக வளர்க்கிறோம் என்று நினைத்துவிடக் கூடாது.

நான் சொல்லும் கலவை இது. உரம் கலக்காத சாதாரணத் தோட்ட மண் இரண்டு பங்கு, குழந்தைகள் விளையாடவென்று கழுவி விற்கும் மணல் ஒரு பங்கு, ஊறவைத்த கோகோபீட் ஒரு பங்கு. பூந்தொட்டிக்கென்று பையில் விற்கும் மண்ணை வாங்காதீர்கள், அதில் உரமும் பெர்லைட் என்ற வெள்ளைக் குருணையும் இருக்கும், ஆமை அந்த வெள்ளையைப் பார்த்தால் கடித்துத் தின்னும். கலந்த மண்ணில் தண்ணீர் தெளித்துப் பிசிறிப் பாருங்கள். புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் ஆமை தோண்டும் குழி இடிந்து விழாமல் நிற்கும்.

மணலைப் பற்றிய சண்டைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வெறும் மணல் ஆகாது. ஈரம் நிற்காது, கண்ணில் விழும், இரையோடு சேர்ந்து உள்ளே போனால் குடலடைப்பு வரும். கால்சியம் மணல் என்று கலர் கலராக விற்பார்களே, அது இன்னும் மோசம், கால்சியம் என்பதால் ஆமை வேண்டுமென்றே தின்னும். மண்ணோடு கலந்த மணல் வேறு விஷயம், அதன் சொந்த ஊர் மண்ணே அப்படித்தான். இரையை மட்டும் மண்மேல் போடாமல் ஒரு தட்டையான ஓட்டுக் கல்லின் மேல் வையுங்கள், அலகும் கொஞ்சம் தேயும்.

கோகோபீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டி கட்டியாக உலகம் முழுக்கப் போகும் அதே தென்னை நார்க்கழிவுதான் அது. ஆமைப் படம் போட்ட அட்டைப்பெட்டியில் சின்னக் கட்டியாக வாங்கினால் விலை அதிகம், தோட்டக்கடையில் ஐந்து கிலோ கட்டியாக வாங்குங்கள், பொருள் ஒன்றுதான், உரம் சேர்க்காதது என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் உப்பு இருக்கலாம், கழுவியது என்று போடாத கட்டி என்றால் ஒரு பெரிய வாளியில் ஊறவைத்து, பழைய துணியில் பிழிந்து, இன்னொரு தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம். கோகோபீட்டை மட்டும் தனியாகப் போடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. காய்ந்தால் தூசியாகப் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும், குழியும் நிற்காது.

சிடார், பைன் மரச்சீவல் இரண்டும் வேண்டவே வேண்டாம், அவற்றின் எண்ணெய் வாசனை மூச்சுக்குழாயைக் கெடுக்கும். வைக்கோலும் நனைந்தால் பூஞ்சைதான். மரப்பட்டைத் துண்டு மழைக்காட்டு ஆமைகளுக்கு, சிவப்புக்கால் ஆமை போன்றவற்றுக்கு நல்லது, உங்களுடையதற்கு அது முக்கியப் படுகை ஆகாது.

எவ்வளவு ஆழம்? பதினைந்து சென்டிமீட்டராவது. ஒரு பக்கம் இன்னும் மேடாக இருந்தால் நல்லது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் பெட்டியில் அந்த ஆழத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் மண் வேண்டும், ஈரத்தோடு எடை 100 கிலோவைத் தாண்டும். பெட்டி எதன்மேல் நிற்கிறது, அது தாங்குமா என்று மண் கொட்டுவதற்கு முன்னாலேயே பாருங்கள். மண் உயர்ந்தால் விளக்குக்கும் ஆமை முதுகுக்கும் இடைவெளி குறையும், நிறைய பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விளக்குகளை அதே அளவுக்கு உயர்த்திக் கட்டி, ஆமை வெயில் காயும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கிறதா என்று வெப்பமானியில் பாருங்கள். சுவரின் உயரமும் குறையும், இது நன்றாக ஏறக்கூடியது. கனமான கல், ஓடு எதையும் மண்மேல் மிதக்க விடாமல் பெட்டியின் அடித்தளத்தில் ஊன்றி வையுங்கள். அடியில் தோண்டிப் போகும்போது மேலே சரிந்தால் குட்டி நசுங்கிவிடும்.

ஈரம் அடியில், உலர்வு மேலே. தண்ணீரைப் பெட்டி முழுக்கத் தெளிக்காமல் மூலைகளில் மெதுவாக ஊற்றுங்கள், அது கீழே இறங்கிப் பரவும். மேல்மண் நசநசவென்று இருந்தால் அடி ஓடு அழுகும். அதற்குப் பயந்து எலும்பு மாதிரி காயவிட்டாலும் கெடுதல். கனடாவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று மிகவும் வறண்டது, உங்களுடையதோ வளரும் குட்டி. 2003-ல் ஆப்பிரிக்க ஸல்காட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஓட்டின் கட்டங்கள் மேடு மேடாகப் புடைப்பதற்கு உணவின் புரதத்தைவிடக் காற்றின் வறட்சிதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. அது வேறு இனம்தான், ஆனாலும் வளரும் ஆமை எதுவானாலும் ஈரமான ஒதுங்கிடம் ஒன்று இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி மாற்றுவது. வாரா வாரம் கொட்டுவதை நிறுத்துங்கள். அது தோண்டிய குழி, பதுங்கும் இடம், பழகிய வாசனை எல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் காணாமல் போகின்றன, இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? தினமும் எச்சத்தையும் மிச்சம் கிடக்கும் இலையையும் ஒரு கரண்டியால் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளிவிடுங்கள், வாரத்துக்கு ஒருமுறை மேல்மண்ணைக் கிளறிவிட்டு, குறைந்த அளவுக்குப் புதிது சேருங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் நான்கைந்து மாதத்துக்கு மொத்தமாக மாற்றத் தேவையிருக்காது. தேதியைவிட மூக்கை நம்புங்கள். மழை பெய்த மண் மாதிரி மணந்தால் நல்ல மண், மூத்திர நெடியோ புளித்த வாடையோ அடித்தால் மாற்ற வேண்டிய மண். மாற்றும்போதும் ஒரு பாதியை இந்த வாரம், மறுபாதியை இரண்டு வாரம் கழித்து என்று செய்யுங்கள். புது மண்ணை முதல் நாளே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், கராஜில் கிடந்த மூட்டை பனிக்கட்டியாகக் குளிர்ந்திருக்கும். பழைய மண்ணைப் பூச்செடிக்குப் போடலாம், பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கும் காய்க்கும் வேண்டாம், ஆமை எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம். மகளையும் ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்சத்திர ஆமைக்கு என்ன மண் போடலாம் என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். அதை வீட்டில் வளர்ப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பெட்டிக்குள் இருக்க வேண்டிய உயிரும் அல்ல. கையில் இருந்தால் வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, மண் மாற்றிய பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடவில்லை, அல்லது எடை குறைகிறது என்றால் குற்றம் மண்ணில் இல்லை. புது எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குடற்புழு என்று சொன்னால் மட்டும் மேலே சொன்ன பாதிப் பாதிக் கணக்கைக் கைவிட்டு மண் முழுவதையும் குப்பையில் போட்டுவிடுங்கள், புழு முட்டை மண்ணில் தங்கித் திரும்பத் தொற்றும். மருந்து முடிந்து அடுத்த பரிசோதனை சுத்தமாக வரும்வரை வெறும் காகிதத்தில் வையுங்கள், அந்தக் காலத்துக்கு மட்டும் செய்தித்தாள் சரி. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

அன்புடன்
அக்கா