தை பிறக்கும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் நாத்தனார் மகன் செல்போன் கடை வைக்க மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தேன். இரண்டு லட்சம் வங்கி வழியாக அனுப்பினேன். ஒரு லட்சம் நகையை அடகு வைத்துக் கையில் கொடுத்தேன். எதுவும் எழுதி வாங்கவில்லை. போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி, அதற்கும் முந்தின ஐப்பசியில் கொடுத்தது. இதுவரை வந்தது பத்தாயிரம். கேட்டால் “தை பொறக்கட்டும் அத்தை, தந்துடுறேன்” என்று வாட்ஸ்அப்பில் பதில் போடுகிறான். என் கணவர், “அக்கா மகன், கொஞ்சம் பொறு” என்கிறார். என் தம்பி போலீஸுக்குப் போகச் சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், வக்கீல் நோட்டீஸ் ஒன்று விட்டுவைத்தால் போதும் என்கிறார். தையல் வேலை செய்யும் எனக்கு வக்கீலுக்குக் கொடுக்க ஏது பணம்?

பதில்: இந்த ஆடியில் நீங்கள் கடிதம் எழுதியது நல்லதாயிற்று, அம்மா. கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தருவது மூன்று ஆண்டுகள். பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணுவதே உங்களுக்குப் பாதுகாப்பு. அப்படி எண்ணினால் வருகிற ஐப்பசியோடு கெடு முடிகிறது. அவர் சொல்லும் தை அதற்குப் பிறகு வருகிறது! அவர் தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று நான் ஆராயப் போவதில்லை. நீங்களும் அதில் மனதைப் போட்டு உழப்ப வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். நோட்டீஸ் அனுப்புவதால் கெடு ஒரு நாள்கூட நீளாது. நீள வேண்டுமென்றால் கடன் வாங்கியவர், கெடு முடிவதற்குள், கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள். வந்த பத்தாயிரத்துக்கும் இதே கதைதான். கடனில் ஒரு பகுதியைத் திருப்பினாலும் புதுக் கணக்கு தொடங்கும், ஆனால் அதற்கு அவர் கையெழுத்திலோ, கையொப்பத்தோடோ ஓர் எழுத்து வேண்டும். சும்மா கணக்கில் வந்து விழுந்த பணத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது.

ஆகவே இந்த வாரமே உங்கள் கணவரை அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். பணத்தை இப்போதே எண்ணி வை என்று கேட்காதீர்கள், எழுத்தைக் கேளுங்கள். “இன்ன தேதியில் அத்தையிடம் கடனாக வாங்கிய 3,00,000 ரூபாயில் 10,000 கொடுத்தது போக, 2,90,000 ரூபாய் தர வேண்டியுள்ளது” என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தேதியோடு கையெழுத்துப் போடட்டும். புரோநோட்டாகவே எழுதிக் கொடுத்தாலும் சரி. தை மாதம் தரும் எண்ணம் உண்மையாக இருந்தால் இதற்கு அவர் மறுக்கக் காரணமில்லை. “சொந்தத்துக்குள்ள எதுக்கு எழுத்து” என்று மழுப்பினால், அதுவே உங்களுக்குப் பதில். உடனே வழக்குக்கு ஆயத்தமாகுங்கள்.

எழுத்துக்குப் பதில் செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் செக்கின் ஆயுள் மூன்று மாதம். அது திரும்பி வந்தால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். செக்கைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

புரோநோட்டு இல்லாததால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். இரண்டு லட்சத்துக்கு பாஸ்புக் பேசும். கையில் கொடுத்த லட்சம்தான் சிக்கல். அதற்கு அடகுக் கடை ரசீதின் தேதி கைகொடுக்கும், அவர் அந்தத் தொகையைக் குறிப்பிட்டு அனுப்பிய செய்தி இருந்தால் இன்னும் பலம். அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, இவற்றைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் ஒன்றும் இணைக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. ஆனால் கெடுவை நீட்டும் கையெழுத்தாக வாட்ஸ்அப் பதிலை நம்பிவிட வேண்டாம்.

தம்பி சொன்ன வழி? வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி. கடை வைக்க வாங்கினார், கடையும் வைத்தார், பணம் வரவில்லை என்றால் அது சிவில் விவகாரம். கடன் வசூலித்துக் கொடுப்பது காவல் நிலையத்தின் வேலை அல்ல. அங்கே அலைந்தே மிச்சமிருக்கும் மூன்று மாதத்தைத் தொலைத்துவிடுவீர்கள்.

வக்கீல் பணம் பற்றிக் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவில், பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. பெண்ணுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம். அங்கே மனுக் கொடுத்தால், வழக்குப் போடும் முன்பே எதிர்த்தரப்பை அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் வழி உண்டு. அங்கே எழுதும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. குடும்பத்துக்குள் நடக்கும் இதுபோன்ற வழக்குக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், உங்கள் நாத்தனார் முகத்தையும் நாளை பார்க்க வேண்டுமே. ஒன்று மட்டும்: அவரும் சம்மதித்தால்தான் அங்கே முடிவு. ‘அடுத்த அமர்வுக்கு வருகிறேன்’ என்று அவர் இழுத்தால், ஐப்பசிக்கு முன்பே வழக்கைத் தாக்கல் செய்துவிடச் சொல்லி உங்களுக்கு அமர்த்தப்படும் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். போகும்போது பாஸ்புக், அடகு ரசீது, போன் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.