பார்ட்ஸ் லிஸ்ட் இருக்கட்டும், எதில் ரெண்டர் எடுக்கிறீர்கள்?

இந்த முறை வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். முக்கால்வாசி ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன: பட்ஜெட் இவ்வளவு, நல்ல ரெண்டரிங் பிசி ஒன்று சொல்லுங்கள். 3டி மாடலைக் கணக்குப் போட்டுப் படமாக்கும் வேலைதான் ரெண்டரிங். அதை எந்த சாஃப்ட்வேரில் செய்கிறார்கள் என்பது இருக்காது. மெஷின் எந்த அறையில் உட்காரப்போகிறது என்பதும் இருக்காது. இந்த இரண்டும் தெரியாமல் நான் எழுதித் தரும் லிஸ்டுக்கும் கடைக்காரர் துண்டுச்சீட்டில் எழுதித் தரும் லிஸ்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

பெரம்பூர், இன்டீரியர் டிசைனர்: 3டிஎஸ் மேக்ஸ், கொரோனா. பட்ஜெட் ஒன்றரை லட்சம். "கார்டுதான் மேடம் முக்கியம்" என்று கடையில் பாதிப் பணத்தை கிராபிக்ஸ் கார்டிலேயே போட்டிருக்கிறார்கள். சரியா சார்?

சரியில்லை மேடம். கொரோனா சிபியுவில், அதாவது மெயின் ப்ராசஸரில், ஓடுகிற ரெண்டரர். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் படம் வரும் நேரம் குறையாது. டீநாய்சிங் (படத்தில் உள்ள புள்ளிகளைத் துடைப்பது) மாதிரி ஓரிரு வேலைக்குத்தான் கார்டு கைகொடுக்கும். உங்கள் பணம் போகவேண்டிய இடம் சிபியு. 16 கோர், 32 த்ரெட் உள்ள ரைசன் 9 7950எக்ஸ் அல்லது 9950எக்ஸ், அதோடு 64 ஜிபி ரேம். வேலை செய்யும்போது வியூபோர்ட்டில் மாடலைச் சுற்றிப் பார்க்க 8 ஜிபி கார்டு தாராளம்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்று மட்டும் யோசியுங்கள். அடுத்த வருஷம் டி5, லூமியன், அன்ரியல் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் கணக்கு தலைகீழ். அவை கார்டை நம்பி ஓடுகிறவை. வீரே ரெண்டரர் வைத்திருப்பவர்களுக்கு சிபியு, கார்டு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஆக்டேன், ரெட்ஷிஃப்ட் என்றால் முதலில் கார்டு, மிச்சத்தில்தான் மற்றதெல்லாம்.

கொளத்தூர், ஃப்ரீலான்ஸர்: அண்ணா, பிளெண்டர் சாஃப்ட்வேர், அதோட சைக்கிள்ஸ் ரெண்டரர்ல வேலை. 8 ஜிபி கார்டு. பெரிய சீன் போட்டா ஜிபியு மெமரி இல்லன்னு நின்னுடுது. அதே கார்டு இன்னொண்ணு வாங்கிப் போட்டா 16 ஜிபி ஆயிடுமா?

ஆகாது தம்பி. இரண்டு கார்டிலும் முழு சீனும் தனித்தனியாக ஏறும். வேகம் கூடும், இடம் 8 ஜிபியேதான். இரண்டு கார்டை இணைக்கும் என்விலிங்க் வழியாக மெமரியைப் பகிர்ந்துகொள்ளும் வசதி ஆர்டிஎக்ஸ் 3090 மாதிரிச் சில கார்டுகளில் இருந்தது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் ஜிஃபோர்ஸ் கார்டுகளிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள்.

மெமரி எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். ஃபோல்டரில் 5 எம்பி என்று காட்டுகிற 4கே ஜேபெக் டெக்ஸ்சர் (மாடல் மேல் ஒட்டும் படம்), கார்டுக்குள் போனதும் விரிந்துவிடும். 4096 பெருக்கல் 4096 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட்: 64 எம்பி. ஒரு சோபாவுக்குக் கலர், ரஃப்னெஸ், நார்மல் என்று மூன்று மேப் போட்டால் கிட்டத்தட்ட 200 எம்பி. அதுவே 8கே என்றால் நாலு மடங்கு. வானத்துக்குப் போடும் 8கே ஹெச்டிஆர்ஐ, முழு ஃப்ளோட்டில் ஏறினால் அது ஒன்றே 500 எம்பியைத் தாண்டும். இதற்கு மேல்தான் ஜியாமெட்ரி, அதாவது மாடலின் வடிவம். கேமராவுக்கு ஐம்பது அடி தள்ளி நிற்கிற செடிக்கு யாராவது 4கே டெக்ஸ்சர் போடுவார்களா? டவுன்லோட் செய்த அஸெட் பேக்கில் அப்படித்தான் வரும், நாமும் அப்படியே இழுத்துப் போட்டுவிடுகிறோம்.

அதனால் காசு செலவழிக்கும் முன் சிம்ப்ளிஃபை பேனலில் டெக்ஸ்சர் லிமிட்டை 2கே ஆக்கி ஒரு ரெண்டர் எடுங்கள். நாற்காலி, மரம் எல்லாம் ஷிஃப்ட்-டி போட்டுக் காப்பி செய்திருந்தால் ஆல்ட்-டி போட்டு இன்ஸ்டன்ஸ் (ஒரே மாடலைப் பகிர்ந்துகொள்ளும் காப்பி) ஆக்குங்கள். பிரவுசரை மூடுங்கள், அதுவும் கார்டு மெமரியைத் தின்னும். இவ்வளவுக்குப் பிறகும் நின்றால், இருப்பதை விற்றுவிட்டு 16 ஜிபி கார்டு ஒன்றாக வாங்குங்கள். 4060 டிஐ, 5060 டிஐ இரண்டிலும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை உண்டு. பெயர் ஒன்றே என்பதால் பில்லில் ‘16 ஜிபி’ என்று எழுதி வாங்குங்கள்.

திருவொற்றியூர், ஆர்க்கிடெக்ட்: மொட்டை மாடியில் ஷீட் போட்ட ரூம்தான் ஆபீஸ். 7950எக்ஸ் ரெண்டரில் 95 டிகிரியிலேயே நிற்கிறது. லிக்விட் கூலர் மாற்றலாமா?

95 டிகிரி பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த ரைசன் வரிசைக்கு ஏஎம்டி வைத்த உச்ச வரம்பே 95தான். அதுவரை ஏறி, அங்கே நின்றபடி தன் வேகத்தைச் சரிசெய்துகொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள்.

பிரச்சினை ஷீட். கத்திரி வெயிலில் அந்த அறையில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும். லிக்விடோ ஏரோ, எந்தக் கூலரும் அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டியாக வேண்டும், அறையை விடக் குளிர்ச்சியாக்க அதனால் முடியாது. காசு செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறேன்: பயாஸில் சிபியு இழுக்கும் பவரைக் குறைக்கும் ஈகோ மோடு 105 வாட் வையுங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாக இறங்கும். கூலருக்கு எடுத்துவைத்த பணத்தில் ஷீட்டுக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போடுங்கள். மெஷினுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

உங்கள் பக்கம் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருக்கிற மெஷின்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பின்பக்க ஸ்க்ரூவில் பூத்திருக்கும் துரு. பிறகு ரேம் ஸ்லாட் காண்டாக்ட். "நேற்று வரை ஓடியது சார், இன்று டிஸ்ப்ளே வரவில்லை" என்கிற கம்ப்ளெயின்டில் பாதி, ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டால் சரியாகிவிடும். எண்ணூர், மணலி என்றால் கரித்தூளும் சேரும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள். முன்னால் கழற்றிக் கழுவுகிற ஃபில்டர் உள்ள மெஷ் கேபினெட் வாங்கி மாதம் ஒரு தடவை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

வியாசர்பாடி, விஎஃப்எக்ஸ் ஆர்ட்டிஸ்ட்: ரிச்சி தெருவில் யூஸ்டு 3090 வருகிறது. மைனிங் கார்டு என்கிறார்கள். வாங்கலாமா?

24 ஜிபி அந்த விலைக்குப் புதிதில் கிடைக்காது, ஆசை நியாயம்தான். மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் எடுக்க) ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க மாட்டேன். 3090யின் பலவீனம் எது என்று தெரிந்துகொண்டு போங்கள்: மெமரி சிப்கள் போர்டின் இரண்டு பக்கமும் இருக்கின்றன, பின்பக்கச் சிப்களுக்கு ஃபேன் காற்று படாது. சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் காய்ந்துபோன கார்டில் கோர் 65 டிகிரி என்று சாதுவாகக் காட்டும், மெமரி 100ஐத் தாண்டிக் கொதிக்கும்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். பென் டிரைவில் உங்கள் சீன் ஒன்றையும், சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரையும் எடுத்துப் போங்கள். கடையிலேயே அரை மணி நேரம் ரெண்டர் ஓடட்டும், ‘மெமரி ஜங்ஷன்’ வரியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 110ஐத் தொட்டால் பேட் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். "அரை மணி நேரமெல்லாம் ஓட்ட முடியாது தம்பி" என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். சீரியல் நம்பர் இல்லாத பில் வேண்டாம். கார்டே 350 வாட் இழுக்கும், நொடிப்பொழுதில் அதற்கு மேலும் எகிறும். 850 வாட்டுக்குக் குறைந்த எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வேண்டாம்.

மூலக்கடை: 16 ஜிபி ரேம் நாலு ஸ்டிக்கா, 32 ஜிபி ரெண்டா?

ரெண்டு. ரைசன் 7000ல் இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5200, நாலும் போட்டால் 3600.

மாதவரம்: ரெண்டரிங்னா குவாட்ரோ கார்டுதானே போடணும்?

வேண்டியதில்லை. உங்கள் கம்பெனி சர்டிஃபைடு டிரைவர் கேட்டால் தவிர, சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டு போதும்.

ராயபுரம்: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா? 600 விஏ யூபிஎஸ் இருக்கிறது, போதுமா?

பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கும். இல்லாதது உங்கள் வீட்டு எர்த். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் கேபினெட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாகப் போகும். பழைய வீடுகளில் மூன்று பின் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மெஷின் ஓடும்போது ஹெச்டிஎம்ஐ வயரைக் கழற்றி மாட்டாதீர்கள், கார்டே போகலாம்.

யூபிஎஸ் போதாது. சாதாரண 600 விஏ சுமார் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும். மெஷின் உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், ப்யூர் சைன் வேவ் என்று கேட்டே வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருந்தால் அதன் பின்னால் உள்ள ஸ்விட்ச் ‘யூபிஎஸ்’ பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்டையார்பேட்டை, அனிமேட்டர்: 30 செகண்ட் ஆட், ராத்திரி முழுக்க ஓட விடுகிறேன். நடுவில் கரண்ட் போனால் எம்பி4 திறப்பதே இல்லை. ஈபி பில் வேறு பயமாக இருக்கிறது.

எம்பி4ஆக நேரடியாக எடுக்கவே எடுக்காதீர்கள். 24 ஃப்ரேம் கணக்கில் 30 செகண்ட் என்றால் 720 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 2 நிமிஷம் வைத்தால் முழுசாக ஒரு நாள். பிஎன்ஜி அல்லது இஎக்ஸ்ஆர் சீக்வென்ஸாக, ஃப்ரேமுக்கு ஒரு படமாக எடுங்கள். பிளெண்டரில் ‘ஓவர்ரைட்’ டிக்கை எடுத்துவிட்டால், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போகும்போது பாதியில் நின்ற கடைசி ஃப்ரேமை மட்டும் அழித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பில்லுக்கு வருவோம். மெஷின் 500 வாட் இழுத்து ராத்திரி 10 மணி நேரம் ஓடினால் 5 யூனிட். தினமும் ஓட்டினால் இரண்டு மாதப் பில்லில் 300 யூனிட். வீட்டுச் செலவு ஏற்கெனவே 250 என்றால் 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறுகிறது. ஆஃப்டர்பர்னர் என்கிற சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதமாக இறக்கி, ஒரே ஃப்ரேமை இரண்டு விதமாகவும் எடுத்து நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சில நொடிதான் வித்தியாசம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மிச்சக் கரண்ட் செலவைக் கிளையன்ட் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள், கேட்டால் கணக்கு இருக்கிறது.