ஜடேஜாவின் விக்கெட்டுக்குக் கைதட்டியவர்கள்

வணக்கம் அண்ணா,

போன வாரம் ஏதோ ஒன்றைப் பற்றி எழுதும்போது நடுவில், ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவை வேறு அணிக்குக் கொடுத்ததைப் பற்றி, 'ஜடேஜாவை விட்டது சரிதான், என்ன, ஒரு வருஷம் லேட்' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

2008இல் நான் எட்டாம் வகுப்பு. அன்றைக்குப் போட்ட மஞ்சள் சட்டையை இன்றுவரை கழற்றவில்லை. சென்னை அணிக்குத் தடை விதித்த இரண்டு வருஷமும் வேறு எந்த அணிக்கும் கைதட்டியதில்லை. 2023 இறுதி ஆட்டம் முடிந்த ராத்திரி எங்கள் தெருவில் வெடி போட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கடைசி இரண்டு பந்தை ஆடிய ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருக்கிறார்கள். ஏலத்தில், நான் பேரே கேள்விப்படாத இரண்டு பையன்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி. தமிழ்நாட்டுப் பையன்கள் எல்லாம் மற்ற அணிகளில் கலக்குகிறார்கள். சாய் சுதர்சனைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

விசுவாசம்தான் சென்னை அணியின் அடையாளம் என்று நம்பி வளர்ந்தவன் நான். அதுவே போய்விட்டது என்றால் நான் ஏன் இங்கே இருக்க வேண்டும்? ஜடேஜாவோடு ராஜஸ்தானுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அணி மாறுவது துரோகமா? நீங்கள் எப்படி இதைச் சரி என்கிறீர்கள்?

அன்புடன்,
பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2023 மே 10, டெல்லிக்கு எதிரான ஆட்டத்தை சேப்பாக்கத்தில் நேரில் பார்த்தேன். ஒரு நண்பர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனதால் கிடைத்த டிக்கெட். கடைசி ஓவர்களில் ஜடேஜா ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு முன் வரிசையில் ஒரு குடும்பம், அப்பா தோளில் ஐந்தாறு வயதுப் பையன். ஜடேஜா ஒவ்வொரு பந்தைத் தட்டும்போதும் அந்தப் பையன் 'அவுட் ஆகு, அவுட் ஆகு' என்று கத்தினான். யாரும் அதட்டவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அதே ஆசைதான். அடுத்து இறங்க வேண்டியவர் தோனி. அவர் இறங்கினார், ஒன்பது பந்தில் 20 ரன் அடித்தார், அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன்.

அன்றைக்கு ஆட்ட நாயகன் ஜடேஜாதான். பரிசு வாங்கும்போது, நான் மேலே இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்றுதான் காத்திருப்பார்கள் என்று சிரித்தபடி சொன்னார். நாமும் சிரித்தோம். தன் சொந்த மைதானத்தில், தன் சொந்த ரசிகர்கள் தன் விக்கெட் விழக் காத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆட்டக்காரர் சொல்ல வேண்டிவந்ததை நாம் ஜோக்காக எடுத்துக்கொண்டோம். அப்புறம் மூன்று வாரத்தில் அகமதாபாத்தில் இறுதி ஆட்டம். மழையால் ரிசர்வ் நாளுக்குத் தள்ளிப்போய், 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, தோனி முதல் பந்திலேயே அவுட். இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோஹித் சர்மா பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். உங்கள் தெருவில் வெடி.

விசுவாசம் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பையன்தான். நாம் ஜடேஜாவுக்கு விசுவாசமாக இருந்தோமா? அந்த இரண்டு பந்துக்கு விசுவாசமாக இருந்தோம். 2022இல் அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். எட்டு ஆட்டங்களில் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த எட்டு ஆட்டங்களில் நாம் அவரைப் பேசிய பேச்சை இப்போது யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சுரேஷ் ரெய்னா கதை அதைவிட மோசம். சின்ன தல என்று கொண்டாடியவர், 2022 ஏலத்தில் பெயர் வந்தபோது சென்னை மேஜையில் ஒரு கை உயரவில்லை, வேறு எந்த அணியும் கேட்கவில்லை. இரண்டு நாள் கொதித்தோம். சீசன் தொடங்கியதும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

ஆக, சென்னை அணி யாரையும் கைவிடாது என்பது முழு உண்மை அல்ல. ஆனால் வெறும் கதையும் அல்ல. மற்ற அணிகள் இரண்டு ஆட்டம் தோற்றால் பதினோரு பேரையும் கலைத்துப் போடும் காலத்தில், சென்னை ஒருவரை ஐந்தாறு ஆட்டம் பொறுத்துப் பார்த்தது. 2018இல் தடை முடிந்து திரும்பியபோது 'அப்பாக்களின் படை' என்று கிண்டல் செய்தார்கள். கோப்பையோடு வந்தது அந்தப் படை. 2020இல் முதல் முறையாக ப்ளே ஆஃப் போகாமல் ஏழாம் இடம். இளைஞர்களிடம் 'ஸ்பார்க்' தெரியவில்லை என்று தோனி சொல்லி நாம் எல்லோரும் மீம் போட்டது அந்த வருஷம்தான். அதற்கப்புறம் வாய்ப்புக் கிடைத்த ருதுராஜ், கடைசி மூன்று ஆட்டங்களிலும் அரைசதம் அடித்தார். அடுத்த வருஷம் 635 ரன்னோடு, சீசனில் அதிக ரன் அடித்தவருக்கான ஆரஞ்சு தொப்பி, அணிக்கு நாலாவது கோப்பை. பொறுமை பலன் தந்தது என்று இதைச் சொல்வார்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். பெரியவர்கள் மீது பொறுமை காட்டியதும், வேறு வழியே இல்லாமல் ஓர் இளைஞனை இறக்கிவிட்டதும், இரண்டும் சேர்ந்துதான் பலன் தந்தன. நமக்கு ஞாபகம் இருப்பது முதல் பாதி மட்டும். நிர்வாகத்துக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

'ஒரு வருஷம் லேட்' என்றேனே, அதற்கு வருகிறேன். தப்பு நடந்தது ஜடேஜாவை மாற்றிய 2025 நவம்பரில் அல்ல, 2024 நவம்பர் மெகா ஏலத்தில். அந்த ஏலத்துக்கு முன் ஜடேஜாவை 18 கோடிக்குத் தக்கவைத்தார்கள். ஏலத்தில் அஸ்வினை 9.75 கோடிக்கு வாங்கினார்கள். சாம் கரன் திரும்ப வந்தார், விஜய் சங்கர் திரும்ப வந்தார். எனக்கும் அன்று கண் கலங்கியது, மறைக்கவில்லை. அஸ்வின் சேப்பாக்கத்துக்குத் திரும்புகிறார் என்றால் யாருக்குத்தான் கலங்காது? ஆனால் அது பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே போட்ட ஏலம். ஆட்டத்தின் நடுவே ஓர் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளவிடும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தபின் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பேட்ஸ்மேன் கூடுதலாகக் கிடைக்கிறார். முதல் ஆறு ஓவரில் விக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அடிக்கிறார்கள். நாமோ விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கோடு இறங்கினோம். நூர் அகமது ஒருவர்தான் அந்த ஏலத்தில் அடித்த ஜாக்பாட். 24 விக்கெட் எடுத்தார். அவருக்குப் பின்னால் யார் ரன் அடிப்பது?

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். 2008க்கு அப்புறம் முதல் முறையாகப் பெங்களூரு சேப்பாக்கத்தில் நம்மை ஜெயித்தது. அந்த ராத்திரி தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார், அவருக்கு முன்னால் அஸ்வின். கொல்கத்தாவுக்கு எதிராக நம் ஸ்கோர் 9 விக்கெட்டுக்கு 103 ரன். ஹைதராபாத்தும் சேப்பாக்கத்தில் முதல் முறையாக ஜெயித்துவிட்டுப் போனது. பதினான்கு ஆட்டத்தில் நாலு வெற்றி, வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம். கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதும் 43 வயது தோனி மறுபடி கேப்டன். மாற்றுக் கேப்டன் என்று ஒருவரை இத்தனை வருஷத்தில் வளர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த மோசமான சீசனிலும் ஒரு நல்ல மாதம் உண்டு. காயம்பட்டவர்களுக்குப் பதிலாக, பாதியில், ஆயுஷ் மாத்ரே வந்தார், டெவால்ட் பிரெவிஸ் வந்தார், உர்வில் பட்டேல் வந்தார். பதினேழு வயது மாத்ரே பெங்களூருவில் 94 அடித்த ஆட்டத்தைப் பார்த்தீர்கள்தானே? ஜடேஜாவும் அன்று ஆட்டமிழக்காமல் 77. இரண்டே ரன்னில் தோற்றோம். தோற்ற கோபத்தையும் மீறி ஒரு சந்தோஷம் இருந்தது எனக்கு. கடைசி ஆட்டத்தில் அகமதாபாத் போய் 230 அடித்து குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். 2020இல் நடந்த அதே கூத்துதான்: எல்லாம் போன பிறகு, இழக்க ஒன்றும் இல்லாதபோது, இளைஞர்கள். இந்த முறை நிர்வாகம் அதைக் கவனித்துவிட்டது. அந்த 14.20 கோடிப் பையன்கள் இரண்டு பேரும் அந்தப் பாடத்திலிருந்து வந்தவர்கள்தான்.

பிரசாந்த் வீர் உத்தரப் பிரதேசம், இடக்கைச் சுழலும் பேட்டிங்கும். கார்த்திக் சர்மா ராஜஸ்தான், விக்கெட் கீப்பர். இந்தியாவுக்கு ஆடாத எவருக்கும் அதுவரை அதிகபட்சம், 2022இல் ஆவேஷ் கானுக்குக் கொடுத்த 10 கோடி. அதை ஒரே மதியத்தில் இரண்டு முறை உடைத்தார்கள். விலை அதிகமா? அதிகம்தான். 30 லட்சம் அடிப்படை விலையில் இருந்த ஒரு பையன் தோளில் 14 கோடியை ஏற்றிவைத்தால், முதல் நாலு ஆட்டத்தில் சொதப்பினால் நாமே அவனைக் கிழித்துத் தொங்கவிடுவோம். என் பயம் அது ஒன்றுதான். மற்றபடி, டிசம்பர் 6ஆம் தேதி 37 வயது முடித்த ஜடேஜாவும் சாம் கரனும் போய், 31 வயது சாம்சன் வந்ததில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரு தொடக்க ஆட்டக்காரர், ஒரு கீப்பர், தேவைப்பட்டால் ஒரு கேப்டன், மூன்றும் ஒரே ஆளில். கீப்பர் எதற்கு என்று கேட்காதீர்கள். எதற்கு என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், வாய் விட்டுச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

சொல்லியே ஆக வேண்டும் என்றால்: அணித் தேர்வைப் பற்றி நாம் எல்லாவற்றையும் பேசுகிறோம், தோனியின் இடத்தை மட்டும் பேசுவதில்லை. ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியரை, இந்தியாவுக்கே ஆடாதவராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய விதி திரும்ப வந்து, உலகக் கோப்பை வாங்கிய கேப்டன் 4 கோடியில் அந்தப் பட்டியலில் உட்கார்ந்தார். விதிப்படி தப்பில்லை, பணமும் மிச்சம். ஆனால் பதினோரு பேரில் ஓர் இடம் என்பது பணத்தைவிடப் பெரிய செலவு. இதை எழுதினால் வரப்போகும் கடிதங்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். உங்கள் கடிதம் அவற்றோடு ஒப்பிட்டால் தாலாட்டு.

தமிழ்நாட்டுப் பையன்கள் விஷயத்தில் உங்கள் பக்கம் பாதி நிற்கிறேன். சாய் சுதர்சன் 2022 ஏலத்தில் 20 லட்சத்துக்குக் குஜராத்துக்குப் போனார். அடுத்த வருஷம் தமிழ்நாட்டின் உள்ளூர் டி20 போட்டியான டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். அதாவது உள்ளூரில் மதிப்புத் தெரிந்தது. 2023 இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்து நமக்கு எதிராக நின்றதும், 2025இல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி வாங்கியதும் அவர்தான். வருண் சக்கரவர்த்தி சேப்பாக்கத்தில் நம் அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசிக்கொண்டிருந்தவர். இவர்களைத் தவறவிட்டது சென்னையின் தப்பு, சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை.

மற்ற பாதி உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் திண்டுக்கல்காரர். நத்தம் மைதானத்தில் ரஞ்சி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. ஒன்றையாவது போய்ப் பார்த்தீர்களா? தமிழ்நாடு கடைசியாக ரஞ்சிக் கோப்பை வாங்கியது 1987-88இல். அது நம்மில் எத்தனை பேருக்கு உறுத்துகிறது? நானும் போனதில்லை என்பதால் உரிமையோடு கேட்கிறேன்.

அணி மாறுவது துரோகமா என்றால், இல்லை. அணி நமக்குச் சோறு போடவில்லை, நாமும் அதற்குச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. ஆட்டக்காரர் பின்னால் போகிறவர்கள் ஒரு ஜாதி, சட்டைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் ஒரு ஜாதி. ஜடேஜாவே எத்தனை சட்டை மாற்றியிருக்கிறார் பாருங்கள். 2008இல் ராஜஸ்தானோடு முதல் கோப்பை, அப்புறம் கொச்சி, சென்னை, தடைக்காலத்தில் குஜராத் லயன்ஸ், மறுபடி சென்னை. இப்போது தொடங்கிய இடத்துக்கே போயிருக்கிறார், அதுவும் 18 கோடியிலிருந்து 14 கோடிக்குக் குறைத்துக்கொண்டு. ஆட்டக்காரர் சம்மதிக்காமல் டிரேட் நடக்காது. கேட்டுவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவரை யாரும் தெருவில் விட்டுவிடவில்லை. நீங்கள் அவரோடு போனால் வழியனுப்பி வைக்கிறேன். போகமாட்டீர்கள் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கடிதத்தில் ராஜஸ்தானைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி.

ராஜஸ்தான் சேப்பாக்கத்துக்கு வரும்போது டிக்கெட் கிடைத்தால் போவதாக இருக்கிறேன். அந்தப் பையனுக்கு இப்போது எட்டு ஒன்பது வயது ஆகியிருக்கும், அவனும் வந்திருக்கலாம். ஜடேஜா இளஞ்சிவப்புச் சட்டையில் மட்டையோடு நடந்துவருவார். இந்த முறை அவர் விக்கெட் விழுந்தால் நாங்கள் கைதட்டுவது முழுக்க நியாயம். எனக்குக் கை எழும்புமா என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்.